லினக்ஸில் அச்சிடுவது கடினமா?

"லினக்ஸில் பிரிண்டர் வேலை செய்யாது" என்று நம்பி, இடுபணிகளை அச்சிட ஒவ்வொரு முறையும் கடைக்குக் காசு கொடுக்கும் நண்பர்கள் எனக்குண்டு. நானோ பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு, வீட்டிலேயே அச்சிடுகிறேன்.

லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிப்பது 'கப்ஸ்' என்ற மென்பொருள். 1999இல் வெளிவந்த இதுவே மேக் கணினிகளிலும் இயங்குகிறது.

முதலில், பிரிண்டரையும் கணினியையும் ஒரே வைஃபையில் இணையுங்கள். 'ஏர்பிரிண்ட்' வசதியுள்ள பிரிண்டருக்குப் பெரும்பாலும் தனி டிரைவர் தேவையில்லை. உபுண்டுவின் அமைப்புகள் பகுதியில் தானாகவே தெரியும். தெரியாவிட்டால், உலாவியில் 'லோக்கல்ஹோஸ்ட்:631' என்று தட்டுங்கள். கப்ஸின் நிர்வாகப் பக்கம் திறக்கும். அங்கே பிரிண்டரைச் சேர்த்து, சோதனைத் தாள் ஒன்றை அச்சிட்டுப் பாருங்கள்.

புதிய பிரிண்டர் வாங்கப் போகிறீர்களா? விலையைப் பார்க்குமுன், பெட்டியில் 'ஏர்பிரிண்ட்' என்ற சொல்லைத் தேடுங்கள் மாணவர்களே!