சீப்பும் காகிதமும், மேகமும் மரமும்

பங்சாரில் இன்று உயர்ந்து நிற்கும் மாடிக் கட்டடங்களின் உச்சியில் இடிதாங்கிகள் பொருத்தப்பட்டுள்ளன. அவ்விடம் ஒரு காலத்தில் இரப்பர் தோட்டமாக விளங்கியது. புங்கே, கிரிசார் என்னும் இருவரின் பெயர்கள் இணைந்தே பங்சார் என்னும் பெயர் பிறந்தது என்பர். கட்டடத்திற்கு இடிதாங்கி உண்டு, பால்மரத்திற்கு ஏது? கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை மிகுதி. ஆதலின், மேகத்திலுள்ள மின்சாரம் மரத்தை ஏன் நாடுகிறது என்பதை நாம் அறிந்திருத்தல் நலம்.

எண்ணெய் தடவாத உலர்ந்த முடியைப் பிளாஸ்டிக் சீப்பால் பலமுறை வாரியபின், அச்சீப்பைச் சிறு காகிதத் துண்டுகளின் அருகே கொண்டு செல்வோம். துண்டுகள் தாவி ஒட்டிக்கொள்ளும். (ஈரக்காற்றில் மின்னூட்டம் விரைவில் கசிந்துவிடும், மழையில்லாத நாளில் செய்து பார்ப்பதே நன்று.) சீப்பு எதிர் மின்னூட்டம் பெற்றிருக்கிறது. காகிதமோ மின்னூட்டமற்றது. பின் அது ஏன் ஈர்க்கப்படுகிறது?

மின்னூட்டமற்றது என்றால் மின்சாரமே இல்லாதது என்று பொருளன்று. நேர், எதிர் ஆகிய இருவகை மின்னூட்டங்களும் அதனுள் சரிசமமாக உள்ளன. சீப்பு நெருங்கியதும் காகிதத்தின் எதிர் மின்னூட்டம் சற்றே விலக, சீப்பை நோக்கிய பக்கத்தில் நேர் மின்னூட்டம் மேலோங்குகிறது. அருகிலுள்ளதன் ஈர்ப்பு, தொலைவிலுள்ளதன் விலக்கத்தை வென்றுவிடுகிறது.

வானிலும் நிகழ்வது இதுவே. இடிமேகத்தின் அடியில் பெரும்பாலும் எதிர் மின்னூட்டம் திரள்கிறது. அதன் கீழுள்ள தரையிலும் மர உச்சிகளிலும் நேர் மின்னூட்டம் கூடுகிறது. மேகத்திலிருந்து மின்பொறி இறங்கி வருகையில், உயர்ந்த பொருளின் உச்சியிலிருந்து மற்றொரு பொறி எழுந்து அதனைச் சந்திக்கிறது. அவ்வழியே மின்னல் பாய்கிறது.

இரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே பால்மரத்தடியில் அச்சமில்லை எனச் சிலர் எண்ணுவதுண்டு. உயிருக்கே உலை வைக்கும் எண்ணம் இது! உயிருள்ள மரம் நீர் நிறைந்தது. அதில் இறங்கும் மின்னல் அருகில் நிற்பவர் மீது தாவும்; வேரைச் சுற்றிய மண்ணிலும் பரவும். இரப்பர் காலணியும் காக்காது. கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்து வந்த மின்னலுக்கு அதன் அடிப்பகுதி எம்மாத்திரம்? இடியோசை கேட்டவுடன் கட்டடத்திற்குள்ளோ, உலோகக் கூரையுள்ள மூடிய வண்டிக்குள்ளோ சென்றுவிட வேண்டும். திறந்த லாரி உதவாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளிவர வேண்டும்.

மின்னல் தாக்கியவரைத் தொட அஞ்சுவோரும் உளர். அவருடலில் மின்னூட்டம் தங்குவதில்லை. நொடிப்பொழுதில் தரையில் கலந்துவிடுகிறது. மூச்சு நின்றிருந்தால் ஒருவர் 999 எண்ணுக்கு அழைக்க, மற்றவர் தாமதமின்றி அவரது நெஞ்சின் நடுவே இரு கைகளாலும் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை வலுவாக அழுத்த வேண்டும்.