மனத்தில் வரைந்த உருவம்

நம் உடல் எப்படி இருக்கிறது என்பது ஒன்று. அது எப்படி இருக்கிறது என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பது மற்றொன்று. உயரம், எடை, நிறம், மூக்கின் அமைப்பு, முகப்பரு ஆகியவற்றைக் குறித்து நம் மனம் வரைந்து வைத்திருக்கும் இந்த ஓவியத்தை உளவியலார் உடற்படிமம் என்பர். உங்கள் வயதில் இவ்வோவியம் அடிக்கடி மாறும். உடலே மாறிக்கொண்டிருப்பது அதற்கு முதற்காரணம். வளர்பருவத்தில் கைகளும் பாதங்களும் முதலில் நீளும். உடலின் நடுப்பகுதி பின்னரே வளரும். பெண்பிள்ளைகள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளைவிட ஏறத்தாழ ஈராண்டு முன்னதாகவே உயரத் தொடங்குவர். ஏழாம் வகுப்பின் குழுப்படம் எந்தப் பள்ளியிலும் மேடும் பள்ளமுமாகவே இருக்கும்.

கண்ணாடி, ஒளிப்படம், பிறர் சொல் ஆகிய மூன்றையும் கொண்டே மனம் இவ்வோவியத்தை வரைகிறது. மூன்றில் எதுவும் முழு உண்மையைக் காட்டுவதில்லை.

கண்ணாடி நம் முகத்தை இடவலம் மாற்றிக் காட்டுகிறது. 1977இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், மாணவியர்க்கு அவர்களுடைய ஒளிப்படமும் அதன் இடவல மாற்றுப் படமும் காட்டப்பெற்றன. அவர்களுள் பெரும்பாலோர் கண்ணாடியில் கண்டு பழகிய மாற்றுப் படத்தை விரும்பினர். அவர்களுடைய தோழியரோ உண்மைப் படத்தையே விரும்பினர். எனவே, படத்தில் தம்மைக் கண்டு ‘இது நானா?’ என்று முகம் சுளிப்பதற்குக் குறை காரணம் அன்று, பழக்கமின்மையே காரணம். செல்பேசியில் தன்படம் எடுக்கும்போது வேறொரு பிழை சேர்கிறது. ஏறத்தாழ 30 செ.மீ. தொலைவில் எடுத்த படத்தில், ஒன்றரை மீட்டர் தொலைவில் எடுத்த படத்தைவிட மூக்கு 30 விழுக்காடு அகன்று தோன்றும் என 2018இல் மருத்துவர்கள் கணக்கிட்டனர். அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும் என்னும் எளிய விதிதான் அது. தம் மூக்கைப் பழிப்பவர் முதலில் கையை நீட்டிப் பார்க்கலாம்.

மூன்றாவதாகிய பிறர் சொல்லே மிகுந்த வலிமை உடையது. தில்லியிலோ ஆமதாபாத்திலோ பயிலும் தமிழ்ப் பிள்ளைக்கு அது பெரும்பாலும் நிறத்தைப் பற்றியதாக வந்து சேர்கிறது. வகுப்பில் விளையாட்டாகச் சூட்டிய பட்டப்பெயர் ஆண்டு முழுவதும் ஒட்டிக்கொள்ளும். விடுமுறைக்கு ஊருக்குச் சென்றால் அங்கும் விடுதலை இல்லை. ‘வெயிலில் அலையாதே, கறுத்துப்போவாய்’ என்று பாட்டி அன்புடன் கூறுவார். ‘பெண் நல்ல சிவப்பு’ என்று அத்தை வேறொருத்தியைப் புகழ்வார். உண்மையில் சிவப்பாக இருப்பவர் எவரும் இலர் என்பது வேறு செய்தி. கருப்பசாமியைக் காவல் தெய்வமாக வணங்கும் ஊர்களிலேயே இச்சொற்கள் வழங்குகின்றன.

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அதனை உண்டாக்கும் உயிரணுக்கள் எல்லா மனிதரிடத்தும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் உள்ளன. அவை தரும் நிறமியின் அளவும் வகையுமே வேறுபடுகின்றன. கதிரவனின் புறஊதாக் கதிர்கள் தோலுக்குள் ஆழ இறங்காதவாறு மெலனின் தடுக்கிறது. நிலநடுக்கோட்டிற்கு அருகே, கடும் வெயிலில், பன்னெடுங்காலம் வாழ்ந்தோரின் வழிவந்தவர்க்கு அது மிகுதியாக இருப்பது இயற்கை. உடல் தானே விரித்துக்கொண்ட குடை அது.

இக்குடையைக் குறை என்று கூறியே வணிகம் வளர்ந்தது. 1975இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் களிம்பு இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. கரிய பெண் வேலையின்றி வருந்துவதும், களிம்பு பூசிய பின் வெற்றி பெறுவதும் இத்தகைய விளம்பரங்களின் வழக்கமான கதை. நிறத்தைக் காரணமாக்கி ஒருவரைத் துயருற்றவராகக் காட்டலாகாது என 2014இல் இந்திய விளம்பரத் தர மன்றம் நெறிமுறை வகுத்தது. 2020இல் அக்களிம்பு ‘குளோ அண்ட் லவ்லி’ எனப் பெயர் மாறியது. பெயரிலிருந்து ஒரு சொல் நீங்குவதற்கு 45 ஆண்டுகள் ஆயின. மனத்திலிருந்து அச்சொல்லை நீக்குவதற்கு ஒவ்வொருவரும் தாமே முயலவேண்டியிருக்கிறது.

அம்முயற்சிக்குத் தன்னாய்வு என்று பெயர். ஒரு வாரம் குறிப்பேட்டில் எழுதிப் பாருங்கள். உடலைப் பற்றித் தோன்றும் எண்ணத்தை இடப்பக்கத்தில் எழுதுங்கள். ‘இதை எனக்கு முதலில் சொன்னவர் யார்?’ என்பதற்கான விடையை வலப்பக்கத்தில் எழுதுங்கள். விளம்பரம், வகுப்புத் தோழன், அத்தை எனப் பெயர்கள் வரிசையாக வரக்கூடும். நம்முடையவை என்று நாம் கருதிய எண்ணங்களுள் இரவல் எண்ணங்கள் எத்தனை என்பது அப்போது தெரியும். அதே சொல்லை உங்கள் நெருங்கிய தோழியிடம் நீங்கள் கூறுவீர்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த பக்கத்தில், அன்று உடல் செய்த வேலைகளை எழுதுங்கள்: நான்கு மாடி ஏறியது, தம்பியைத் தூக்கியது, கபடியில் பிடி விடாமல் நின்றது. உருவத்தைக் கண்டு இகழலாகாது என்னும் கருத்தைத் திருவள்ளுவர் வினைத்திட்பம் என்னும் அதிகாரத்தில் வைத்திருப்பது இங்கு நினைக்கத்தக்கது.

எழுதியும் குறையாத எண்ணங்கள் சில உண்டு. மெலிய வேண்டும் என்று உணவைத் தவிர்ப்பது, படம் எடுப்பார்கள் என்று பள்ளி விழாவிற்கு வர மறுப்பது போன்ற நிலை ஏற்பட்டால் குறிப்பேடு போதாது. பெற்றோரிடமோ, நீங்கள் நம்பும் ஆசிரியரிடமோ, பள்ளி ஆலோசகரிடமோ அதைத் தயங்காமல் கூறுங்கள். தமிழில் சொல்ல வராவிட்டால், வரும் மொழியில் சொல்லுங்கள்.