கப்பற்றொழிலும் எம் இளைஞரும்

அரியாலைக் கிழக்கின் கரையில் மாலை வேளையில் நின்று நோக்குவோர்க்குக் கடனீரேரியும் அதற்கப்பாற் பூநகரிப் பக்கத்துக் கரையும் தோன்றும். இங்ஙனம் நீரருகே வளர்ந்தும், உத்தியோகம் என்றதும் எம் நினைவுக்கு வருவது கந்தோரும் நாற்காலியுமே. கப்பலோட்டம் வடமராட்சியாருக்கு உரியதென விட்டுவிட்டோம்.

அவர்தம் திறமையோ பெரிது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை உவில்லியம் அல்பேட் உரொபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். ஏறக்குறைய 90 அடி நீளமுள்ள அக்கப்பல், வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகளோடு சூயஸ் கால்வாயூடாகச் சென்று, அத்திலாந்திக் சமுத்திரத்தையுங் கடந்து, 1938 ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. இத்தகைய கப்பல்களைக் கட்டிய தச்சரும் செலுத்திய தண்டையல்மாரும் தம் வித்தையைத் தந்தையிடமும் மாமனிடமும் கற்றவர்கள். அவ்வித்தை உலகக் கப்பற் கம்பனிகள் மதிக்கும் தராதரப் பத்திரமாக மாறும் வழி வாய்க்கவில்லை. பாய்க்கப்பல் வாணிகம் அருகியபோது வித்தையும் உடன் அருகியது. அவ்விழப்பை எண்ணியே இதனை எழுதத் துணிந்தோம்.

உலக வாணிகச் சரக்கிலே, அளவாற் பார்க்கின், 100க்கு 80 பங்குக்கு மேல் கடல் வழியே செல்கின்றது. அதனைச் சுமக்கும் கப்பல்களில் எவர் எப்பணி செய்யலாம் என்பதை 1978 இல் ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கை வரையறுக்கின்றது. அது 1995 இலும் 2010 இலும் திருத்தப்பெற்றது. கப்பலிற் கால்வைக்குமுன் உயிர்காப்பு, தீயணைப்பு, முதலுதவி முதலியவற்றிற் பயிற்சி பெறல் வேண்டும். பின்னர் வழி இரண்டாகப் பிரியும். கப்பலைச் செலுத்தும் தளப் பிரிவிற் சேரும் பயிலுநர், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தின்கீழ் குறைந்தது 12 மாதங் கடலிற் கழித்த பின்னரே காவல் அதிகாரித் தேர்வுக்கு உரியவராவர். அத்தகைய திட்டமின்றி வருவோர்க்கு 36 மாதம். அப்படியே ஏறிச் சென்றாற் கப்டன் பதவி. இயந்திரப் பிரிவிற் சேர்ந்தார் பிரதம பொறியியலாளராக உயரலாம். மின்னியல் அதிகாரி என்னும் தனிப்பதவி 2010 இன் திருத்தத்தால் வந்தது.

இப்பயிற்சியை 1990 இல் தொடங்கி இப்பொழுது மாலபேயில் இயங்கும் ‘சினெக்’ நிறுவனம் அளிக்கின்றது. கடல்சார் கல்விக்கென இலங்கைச் சமுத்திரப் பல்கலைக்கழகமும் உண்டு. தமிழகத்தில் 2008 இல் நிறுவப்பெற்ற இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. கணிதமும் பௌதிகமும் ஆங்கிலமும் வாய்த்த மாணாக்கர் இவற்றைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

கடலில் மாதக்கணக்காக இருக்க மனம் ஒவ்வாதாரும் உளர்; அதில் இழிவொன்றுமில்லை. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துப் பயணிகள் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தபோது கப்பலையே யாவரும் நோக்கினர். அத்தகைய ஒரு கப்பல் துறையடைய முகவர், துறைமுக அலுவலர், சுங்கப் பகுதியார், கடலளவையாளர், காப்புறுதியாளர் எனக் கரையில் எத்தனை பேர் உழைக்க வேண்டும்! கப்பல் வடிவமைப்பும் கடற்சட்டமும் இத்துறையின் கிளைகளே.

இனி, பெற்றோர்க்கு ஒன்று கூறவேண்டும். எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார், கப்பலில் வேலை எடுத்துத் தருவதாகச் சொன்ன தரகர் ஒருவருக்குக் காணியை ஈடுவைத்துப் பணங் கொடுத்தனர். மகன் கொழும்பைத் தாண்டவில்லை, காணியும் மீளவில்லை. 2006 ஆம் ஆண்டுக் கடற்றொழிலாளர் உடன்படிக்கையின்படி, வேலை தேடித் தருவதற்கென மாலுமியிடம் கட்டணம் வாங்குதல் கூடாது. வைத்தியச் சான்றிதழ், மாலுமிப் புத்தகம், கடவுச்சீட்டு ஆகியவற்றின் செலவை மாலுமி ஏற்கலாம். விசாச் செலவோ கப்பல் உரிமையாளரைச் சார்ந்தது. பாடநெறிக்குச் செலுத்துங் கட்டணம் வேறு, வேலைக்கெனக் கேட்கப்படும் கட்டணம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுபவரிடம் எழுத்தில் விபரங் கேட்டலே தக்கது.

பாடநெறிக்குப் பணங் கட்டுமுன்னர்க் கண்ணையும் சோதித்துக்கொள்ளல் வேண்டும். இரவிற் கப்பலின் இடப்பக்க விளக்குச் சிவப்பு, வலப்பக்க விளக்குப் பச்சை. எதிர்வருங் கப்பல் எப்பக்கமாகச் செல்கின்றதென்பதை அவ்விரண்டையுங் கொண்டே காவலிருப்போன் அறிவான். நிறம் பிரித்தறிய இயலாதவர்க்குத் தளப் பிரிவிலே இடமில்லை. தமக்கு அக்குறை உண்டென அறியாமலே வளர்ந்தோர் பலர். கண்வைத்தியரிடம் சில நிமிடத்தில் முடியுஞ் சோதனை அது.