கணிப்பொறிக்கும் ஒரு காப்புப் பிரதி

சென்ற ஆண்டு என் வீட்டுக் கணிப்பொறியின் ஹார்டு டிஸ்க் திடீரென நின்றுபோயிற்று. காலஞ்சென்ற என் தாயாரின் குரல் பதிவு அதில் மட்டுமே இருந்தது, மீட்க முடியவில்லை. அன்பர்கள் யாருக்கும் இந்நிலை வரக்கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

காப்புப் பிரதி எடுக்கும் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. விண்டோஸில் 'ஃபைல் ஹிஸ்டரி', ஆப்பிளில் 'டைம் மெஷின்' கூடவே வருகின்றன. வெளி டிஸ்க் ஒன்றை இணைத்து இயக்கிவிட்டால், மணிக்கொருமுறை தாமே பிரதி எடுக்கும். பழைய பிரதிகளையும் வைத்திருக்கும். வெறும் 'ஸிங்க்' மென்பொருள் இதற்கு ஈடாகாது. இங்கே தவறி அழித்தது அங்கேயும் அழியும்.

வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய 'வான்னாக்ரை' போன்றவை, இணைந்திருக்கும் டிஸ்க்கையும் பூட்டிவிடும்.

இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும். 1961 ஜூலை 12 அன்று பான்ஷேத் அணை உடைந்து நம் புனே நகருக்குள் வெள்ளம் புகுந்தது. ஒரே வீட்டில் இரண்டு பிரதி இருந்தால் இரண்டும்தான் நனையும்.

ரயில்வேயில் பிரேக்கைச் சோதித்துச் சான்றிதழ் தராமல் வண்டி புறப்படாது. அதுபோல மாதம் ஒருமுறை, பிரதியிலிருந்து ஏதாவது ஒரு கோப்பை எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது காப்பு.