இணையத்தின் பாதைப் பட்டியல்

சென்னையிலிருந்து நெய்வேலிக்குப் பேருந்தில் வருவோர் விக்கிரவாண்டி, பண்ருட்டி ஆகிய ஊர்களைக் கடந்து ஆர்ச் கேட்டில் இறங்குகின்றனர். கடந்த ஊர்களை வரிசையாக எழுதினால் அதுவே பாதைப் பட்டியல். இணையத்திலும் இத்தகைய பட்டியல் உண்டு என்பதைப் பலர் அறியார்.

இணையம் ஒரே வலையன்று. பல்லாயிரம் தன்னாட்சி வலையமைப்புகளின் கூட்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ஏர்டெல்லின் எண்களுள் ஒன்று 9498. "இன்ன முகவரிகளுக்கு என் வழியே செல்லலாம்" என்று ஒரு வலையமைப்பு தன் அண்டைக்கு அறிவிக்கும். அண்டை வலையமைப்பு அப்பட்டியலின் முன்னே தன் எண்ணையும் சேர்த்து அடுத்ததற்கு அனுப்பும். இம்முறையை வகுத்துரைப்பது பி.ஜி.பி. என்னும் நெறிமுறை. அதன் நான்காம் பதிப்பை விளக்கும் ஆர்.எப்.சி. 4271 என்ற ஆவணம் 2006-இல் வெளிவந்தது.

இந்நெறிமுறை அறிவிப்பின் வடிவத்தைச் சோதிக்குமேயன்றி அதன் உண்மையைச் சோதியாது. பண்ருட்டியில் ஒருவர் "நெய்வேலி இதுவே" என்று பலகை நாட்டினால், ஊருக்குப் புதியவர்கள் அங்கேயே இறங்கிவிடுவர் அல்லவா? 2015 நவம்பர் 6 அன்று நிகழ்ந்தது அதுவே. பிறர்க்குரிய 16,000-க்கும் மேற்பட்ட முகவரித் தொகுதிகளை ஏர்டெல் வலையமைப்பு தன்னுடையனவாக அறிவித்தது. அந்நிலை பல மணி நேரம் நீடித்தது. 2021 ஏப்ரல் 16 அன்று வோடபோன் ஐடியா வலையமைப்பிலிருந்து 30,000-க்கும் மேற்பட்ட தவறான அறிவிப்புகள் புறப்பட்டன.

வடிவத்திலும் இடர் உண்டு. 2009 பிப்ரவரி 16 அன்று செக் நாட்டுச் சிறு நிறுவனம் ஒன்று, தன் மாற்றுப்பாதையை நீளமாகக் காட்டுவதற்காகத் தன் எண்ணைப் பட்டியலில் சிலமுறை திரும்ப எழுத விரும்பியது. எத்தனை முறை என்று குறிக்க வேண்டிய இடத்தில், தன் எண்ணாகிய 47868-ஐயே இட்டுவிட்டனர். கருவி அதனை 256-ஆல் வகுத்த மீதியை எடுத்துக்கொண்டது. (மாணவர்கள் வகுத்துப் பார்க்க, மீதி 252.) அப்பட்டியல் செல்லுமிடமெல்லாம் வளர்ந்து 255-ஐத் தாண்டியபோது, உலகெங்கும் பழைய மென்பொருள் கொண்ட திசைவிகள் தடுமாறி, இணைப்புகள் அறுந்தன. விந்தை என்னவெனில், நீண்ட பட்டியலை நெறிமுறை தடுக்கவில்லை. 255-க்கு மேற்பட்டவற்றை அடுத்த பகுதியில் தொடரலாம். விதியைப் பிழைத்தவை அத்திசைவிகளே. பிழையுற்ற அறிவிப்பு ஒன்றுக்காக முழு இணைப்பையும் அறுக்கும் பழைய வழக்கத்தை 2015-இல் வெளிவந்த ஆர்.எப்.சி. 7606 பெரிதும் தளர்த்தியது.

இன்று முகவரிக்கு உரியவர் இன்னார் என மின்கையொப்பமிட்ட சான்று வழங்கப்படுகிறது. ஏர்டெல் நிகழ்ச்சி போன்றவற்றை அது தடுக்கவல்லது. ஆயின் அச்சான்று பட்டியலின் கடைசி எண்ணை மட்டுமே சோதிக்கும். 2015 மார்ச் 12 அன்று ஹாத்வே நிறுவனம் கூகுளின் பாதைகளைத் தவறுதலாக ஏர்டெல்லுக்கு அறிவித்தபோது, கடைசி எண் கூகுளுடையதாகவே இருந்தது, இடைவழியே தவறு. அத்தகைய பிழையை அச்சான்று மட்டும் கண்டுபிடிக்காது. இடையிலுள்ள ஒவ்வோர் எண்ணையும் சரிபார்க்கும் முறைகளை அறிஞர்கள் இன்னும் உருவாக்கி வருகின்றனர்.