திண்ணை இழந்தார்க்கு ஒரு சோலையறை

ஊரை விட்டு இந்நகர் வந்த நம்மவர் கொண்டுவந்த பொருள்கள் பல. கொண்டுவர இயலாமற் போனவற்றுள் தலையாயவை இரண்டு: திண்ணையும் முற்றமும். தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் பல்லாண்டு நெருக்கத்தில் வாழ்ந்து, சற்றுக் காற்றோட்டம் நாடி நெருளுக்குக் குடிபெயர்ந்த இல்லங்களில், முதியோர் பகல் முழுவதும் எங்கே அமர்ந்திருக்கின்றனர் என்று நோக்கினால் இவ்விழப்பின் அளவு விளங்கும். தொலைக்காட்சியின் முன் சிலர். லிப்டைப் பார்த்தபடி வாயிற்படியில் சிலர்.

நம் இல்லத்திலும் இதுவே நிகழ்ந்தது. திருநெல்வேலிச் சீமையில் தம் வாழ்நாளெல்லாம் திண்ணையில் அமர்ந்து தெருவைக் கண்டு பழகிய அன்னையார், நான்காம் மாடி வீட்டிற்கு வந்த இரண்டாம் திங்களிலேயே, "நான் ஊருக்கே போயிருதேன், ஐயா" என்று சொல்லத் தொடங்கினார். பத்தடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள நம் பால்கனியை ஒரு சோலையறையாக்கித் தருவது என்று அன்றுதான் முடிவு செய்தோம். அம்முயற்சியில் நாம் செய்த பிழையையும் பின்னர்க் கற்ற பாடத்தையும் அன்பர்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகின்றோம்.

நாம் செய்த பிழை, செடியிலிருந்து தொடங்கியதே. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இருபது தொட்டிகளை வாங்கிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வரிசையாக வைத்தோம். காலையும் மாலையும் வாளி வாளியாக நீர் ஊற்றினோம். மூன்றாம் வாரம் கீழ்வீட்டு மராத்தியப் பெரியவர் மேலேறி வந்து, "உங்கள் துளசி நன்றாக வளர்கிறது, அதற்கு விடும் நீர் எங்கள் கூடத்துச் சுவரில் இறங்குகிறது" என்றார். கோபமின்றிச் சொன்னமையால் நாணம் மிகுந்தது. நம் வீட்டுத் தரை பிறர் வீட்டுக் கூரை என்பதை அன்றே உணர்ந்தோம்.

பின்னர் ஒரு கட்டிடப் பொறியாளரை அழைத்து முறைப்படி கேட்டறிந்தோம். மாடிவீட்டில் சோலையறை அமைப்போர் முதலில் எண்ணவேண்டியது பாரம். இந்தியக் கட்டிடத் தர விதிகளின்படி, வீட்டுப் பால்கனி ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிலோ சுமை தாங்குமாறு வகுக்கப்படுகிறது. ஈர மண்ணை ஓர் அடி உயரத்திற்குப் பரப்பினால் சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிலோ ஆகிவிடும். ஆகவே மாடியில் மண் பாத்தி கட்டுதல் கூடவே கூடாது. ஓரடித் தொட்டி ஒன்று, மண்ணும் நீரும் சேர்ந்து சுமார் 25 கிலோ கனக்கும். நம் இருபது தொட்டிகளும் அரை டன்! அவற்றைச் சுவரின் புறத்தே நீண்டு நிற்கும் தளத்தின் வெளி விளிம்பில் வைத்தது பிழையின் மேற்பிழை. பாரமானவை எப்போதும் வீட்டுச் சுவரை ஒட்டியே இருத்தல் வேண்டும்.

இது வெறும் எச்சரிக்கையன்று. 2022 ஜூனில் நெருளிலேயே ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தின் மேல்தளம் இடிந்து கீழ்த்தளங்களின் மேல் விழுந்து ஓர் உயிரைக் கொண்டது. கடற்கழியின் உப்புக் காற்று காங்கிரீட்டினுள் இருக்கும் இரும்பை அரிக்கும். கசிவு நீர் அதற்குத் துணைபோகும். முப்பது ஆண்டு கடந்த கட்டிடங்கள் உறுதிச் சோதனை செய்துகொள்வது சட்டப்படியும் கடமையாகும். அச்சோதனை முடியும்வரை ஒரு தொட்டியும் கூட்டாதீர்கள்.

இரண்டாவது, நீர். நம் நாட்டு முற்றம் மழையை வரவேற்கக் கட்டப்பட்டது. சென்னையில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசியை ஒட்டிய மூன்று திங்களில் பெய்கிறது. மும்பையிலோ ஆண்டுக்கு 2,000 மில்லி மீட்டருக்கு மேற்பட்ட மழை, பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பருக்குள், தென்மேற்குக் காற்றோடு சாய்ந்து கொட்டுகிறது. ஆதலின் தரை வடிகாலை நோக்கிச் சாய்வாக இருக்கிறதா என்று ஒரு குவளை நீரை ஊற்றிப் பாருங்கள். தேங்கினால், முதலில் நீர்ப்புகாப் பூச்சும் சாய்வும் செய்வித்த பின்னரே செடி வாங்குங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டும். அத்தட்டில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையேனும் கொட்டிக் கழுவவேண்டும். டெங்குக் கொசு முட்டையிலிருந்து சிறகு முளைத்து வர எட்டுப் பத்து நாள் போதும்.

மூன்றாவது, வெயில். எத்திசை நோக்கிய பால்கனி என்பதே அங்கு வாழக்கூடிய செடியைத் தீர்மானிக்கிறது. கிழக்கு முகமாயின் துளசியும் மல்லிகையும் தழைக்கும். தெற்கு முகத்தில் குளிர்காலக் கதிரவன் தாழ்ந்து வந்து உள்ளே ஒளி பரப்புவான். கறிவேப்பிலைக்கும் செம்பருத்திக்கும் அது ஏற்றது. வடக்கு முகம் நிழலிடம். வெற்றிலைக் கொடியும் கற்பூரவல்லியும் மனநிறைவோடு வளரும். மேற்கு முகத்தில் பிற்பகல் வெயிலும் மழைச் சாரலும் ஒருங்கே தாக்குவதால் மூங்கில் தட்டி இன்றியமையாதது.

மேற்கு முகத்தின் இந்த இடர்ப்பாட்டை ஆராய்ந்து விடை கண்டவர் கட்டிடக் கலைஞர் சார்லஸ் கொரியா. மும்பை கம்பாலா குன்றில் 1983இல் முடிவுற்ற காஞ்சன்ஜங்கா மாளிகையில், கடலழகும் காற்றும் மேற்கிலிருந்தே வருகின்றன. சுடுவெயிலும் மழையும் அத்திசையினவே. பழைய பங்களாக்களில் வீட்டைச் சூழ்ந்த தாழ்வாரம் இவ்விரண்டையும் தடுத்தது. அத்தாழ்வாரத்தையே அவர் உயரமான தோட்ட மாடங்களாக்கி, அடுக்குமாடியின் மூலைகளில் உட்குழித்து வைத்தார். செல்வர் மாளிகையோடு அவர் நின்றுவிடவில்லை. நவி மும்பைத் திட்டத்தை 1960களில் பிரவீணா மேத்தா, சிரிஷ் படேல் ஆகியோருடன் சேர்ந்து முன்மொழிந்தவரும் அவரே. நெருளுக்கு அண்மையிலுள்ள பேலாப்பூரில் 1980களில் அவர் அமைத்த குடியிருப்பில், எளியோர் வீட்டிற்கும் தனக்கென ஒரு திறந்த வெளி உண்டு. ஏழு வீடுகள் கூடி ஒரு பொது முற்றத்தைச் சூழ்ந்து நிற்கும். நம் போன்ற வெப்ப நாட்டில் வானம் பார்த்த வெளியும் ஓர் அறையே என்பது அவர் கொள்கை. நம் பாட்டிமார் ஏட்டில் எழுதாமலே அறிந்திருந்த உண்மை அது.

நான்காவதாகவே இருக்கை. அறை என்பது ஆள் அமர்வதற்கு. செடி அதற்குத் துணை. நம் நாற்பது சதுர அடியில் இருபத்தைந்தை மனிதருக்கென்று ஒதுக்கினோம். முழங்கால் நோவுடையோர் எளிதில் எழ, பதினேழு அங்குல உயரத்தில் முதுகுச் சாய்வுள்ள மரப்பலகை ஒன்றைத் தச்சரிடம் செய்வித்தோம். எழும்போது பற்றிக்கொள்ள, சுவரில் ஒரு கைப்பிடி வைத்தோம். வழுக்காத ஓடு பதித்தோம். கைப்பிடிச் சுவரின் மேல் எதையும் வைப்பதில்லை. காற்றில் ஒரு தொட்டி விழுந்தால் கீழே போவோர் தலை என்னாகும்! கண்ணாடியிட்டு அடைக்க விரும்புவோர் சொசைட்டியின் ஒப்புதலையும் மாநகராட்சியின் அனுமதியையும் முன்கூட்டியே பெறுக. அடைத்தால் இடம் கூடும், காற்று குறையும்.

ஐந்தாவதாகச் செடி வந்தது. இருபது தொட்டி எட்டாயிற்று. இரண்டு மட்டும் தாராவி கும்பார்வாடாவில், குஜராத்திலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாகச் சக்கரம் சுழற்றும் குயவர்களிடம் வாங்கிய மண்தொட்டிகள். நம்மைப் போன்றே பிழைப்பு நாடி வந்தவர்கள் அவர்களும். ஏனையவை கனமற்ற துணிப்பைகள். மண் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, தென்னை நார்த்தூள் ஒரு பங்கு என்று கலந்தமையால் பாரம் குறைந்தது, ஈரமும் நின்றது. எஞ்சிய பன்னிரண்டு தொட்டிகளை அண்டை வீட்டார்க்குப் பகிர்ந்தளித்தோம். முதல் இரண்டு கீழ்வீட்டுப் பெரியவருக்கே சென்றன. அவர் கூடத்துச் சுவருக்கு வெள்ளையடித்துக் கொடுத்த பின்னரே என்பதையும் சொல்லிவிடுகின்றோம்.

இப்போது அன்னையார் விடியற்காலையில் காப்பிக் குவளையுடன் அப்பலகையில் அமர்கிறார். கீழே பள்ளி வண்டிக்குக் காத்திருக்கும் பிள்ளைகளை எண்ணுகிறார். ஒரு பிள்ளை குறைந்தால் காய்ச்சலோ என்று கவலைப்படுகிறார். எதிர்மாடியில் தம்மையொத்த குஜராத்தி மூதாட்டி ஒருவருக்குக் கையசைக்கிறார். இருவருக்கும் பொதுமொழி ஏதும் இல்லை. ஊருக்குப் போகும் பேச்சு முற்றும் ஒழிந்தது என்று பொய் சொல்லமாட்டோம். "மழை விடட்டும், பிறகு போறேன்" என்கிறார். மழை விட்டதும், "இந்த மல்லி ஒரு தடவை பூக்கட்டும்" என்கிறார்.

அன்பர்காள்! முதியோர் உள்ள இல்லத்தில் பால்கனியைத் துணி உலர்த்தவும் பழைய பெட்டி அடுக்கவும் மட்டுமே விட்டுவிடாதீர்கள். நான்கு அடி அகலம் போதும். பாரம், நீர், வெயில், இருக்கை, செடி என்னும் இவ்வரிசையை மட்டும் மாற்றாதிருங்கள். தொடங்கும் முன் கீழ்வீட்டாரிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.