ஆய்வுக்குத் தலைவாசல்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல் மாணவர் ஒருவர்)

'முதல் கோணல் முற்றும் கோணல்' என்பது பெரியோர் வாக்கு. ஏர் பிடிப்பவருக்கும் வீடு கட்டுபவருக்கும் சொல்லப்பட்ட இம்மொழி, ஆய்வுக் கட்டுரை எழுதப் புகும் மாணவருக்கும் பொருந்தும் என்பதை இவ்வாண்டு நான் பட்டறிந்தேன். நான் பட்ட பாடு என் தோழர்களுக்குப் பயன்படட்டும் என்ற எண்ணத்தில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எங்கள் துறையில் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு சிற்றாய்வு செய்து கட்டுரை அளிக்க வேண்டும் எனப் பேராசிரியர் பணித்தார். எங்கள் ஊரில் இரண்டு பொதுக்கிணறுகள் உண்டு. மேலக்கிணற்று நீரில் பருப்பு வேகாது. ஏரிக்கரைக் கிணற்று நீரில் பூப்போல வெந்துவிடும். ஊருக்குக் குழாய் வந்துவிட்ட பின்னும், அது வராத நாட்களில் என் தாயார் பருப்புக்கென்றே அரைக்கல் தொலைவு நடந்து ஏரிக்கரைக் கிணற்றில் நீர் சேந்தி வருவார். அவ்விரு கிணற்று நீரின் கடினத்தன்மையை அளந்தறிவதே நான் எடுத்துக்கொண்ட ஆய்வு.

முன்னுரை இயலை ஒரே இரவில் நான்கு பக்கம் எழுதி முடித்தேன். நீரின் பெருமை கூறும் குறள் ஒன்றுடன் தொடங்கினேன். பூமியின் பரப்பில் ஏறத்தாழ 71 விழுக்காடு நீர் என்றேன். ஆற்றங்கரை நாகரிகங்களைப் போற்றினேன். மூத்த மாணவர் ஒருவரின் பழைய கட்டுரையிலிருந்து இரண்டு பத்திகளையும் எடுத்துச் சேர்த்துக்கொண்டேன். பேராசிரியர் பொறுமையாகப் படித்தார். பின்னர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, இதில் உன் கிணறு எங்கே இருக்கிறது?"

தேடிப் பார்த்தேன். நான்காம் பக்கத்தின் கடைசி வரியில் இருந்தது!

தாயார் கேட்ட கேள்வி

அன்று மாலை தாளை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் தாயார் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அவர் அருகில் வந்து, "என்னத்தைக் கண்ணு கண்டுபிடிக்கப் போறே?" என்று கேட்டார்.

"மேலக்கிணத்துத் தண்ணியில உப்பு எவ்வளவு இருக்குன்னு அளக்கப் போறேம்மா."

"உப்பு இருக்கிறது ஊருக்கே தெரியுமே. பருப்புதான் வேகலையே!"

"இருக்குன்னு தெரியும். எவ்வளவு இருக்குன்னு யாருக்கும் தெரியாது. மழை பெஞ்சா குறையுமா, குறையாதா? அதுவும் தெரியாது."

"ஆமா, அது தெரியாதுதான்" என்றார் தாயார்.

நான்கு பக்கத்தில் நான் சொல்லத் தவறியதை இந்த நான்கு பேச்சில் சொல்லிவிட்டேன் என்பது பிறகுதான் புலப்பட்டது. ஊர் அறிந்தது எது, ஊர் அறியாதது எது, நான் செய்யப்போவது எது என்னும் மூன்றும் இதில் அடங்கிவிட்டன. முன்னுரை இயல் என்பது இம்மூன்றுக்கும் விடை கூறும் பகுதியே அன்றி வேறில்லை.

அறிஞர் கூறும் மூன்று படிகள்

இதனை மறுநாள் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் மகிழ்ந்து, ஜான் ஸ்வேல்ஸ் என்னும் மொழியியல் அறிஞரைப் பற்றிக் கூறினார். ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளை ஆராய்ந்த அவ்வறிஞர், 1990 ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில், அவற்றில் மூன்று படிகள் காணப்படுவதாக விளக்கினார். முதற்படியில் எழுதுபவர் தம் துறையின் களத்தைக் காட்டுகிறார். இரண்டாம் படியில் அக்களத்தில் இன்னும் நிரப்பப்படாத இடத்தைச் சுட்டுகிறார். மூன்றாம் படியில் அவ்விடத்தில் தாம் செய்யப்போவதை அறிவிக்கிறார்.

நம் ஊர் வழக்கில் சொல்வதானால், முதலில் தெருவைக் காட்ட வேண்டும். அடுத்து அதில் உள்ள காலிமனையைக் காட்ட வேண்டும். பின்பு அம்மனையில் முளையடிக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? உலகப் படத்தையே விரித்து வைத்துவிட்டு, முளையடிக்க மறந்துபோனேன்.

இராமன் காட்டிய வழி

இதற்கு ஓர் உயர்ந்த எடுத்துக்காட்டு உண்டு. திருச்சிராப்பள்ளியில் 1888 இல் பிறந்த சர் சி.வி. இராமன் 1921 ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து கப்பலில் தாயகம் திரும்பினார். வழியில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் கருத்தைக் கவர்ந்தது. வானத்தின் நீலம் பிரதிபலிப்பதே கடலின் நீலம் என்பது இங்கிலாந்து அறிஞர் இராலே பிரபுவின் கருத்து. இராமன் ஒரு நிக்கல் பட்டகத்தைக் கொண்டு, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை நீக்கிவிட்டுக் கடலைப் பார்த்தார். நீலம் மறையவில்லை!

கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்ததும் 'நேச்சர்' இதழுக்கு அவர் எழுதிய கடிதம் அவ்வாண்டே வெளியாயிற்று. அதன் தொடக்கத்தை நோக்குங்கள். கடலின் நீலத்தைப் பற்றி முன்னர்ச் சொல்லப்பட்ட கருத்து இது என முதலில் கூறுகிறார். அக்கருத்து ஐயத்திற்கு உரியது என்கிறார். எளிய சோதனை ஒன்றினால் அந்த ஐயம் எழுவதைக் கூறி, அச்சோதனையை விளக்கத் தொடங்குகிறார். கடலின் பெருமை குறித்து ஒரு சொல்லும் இல்லை. தெரு, மனை, முளை ஆகிய மூன்றும் ஒருசில வரிகளுக்குள் முடிந்துவிட்டன. அக்கேள்வியைப் பின்தொடர்ந்து சென்ற ஆய்வுகளே 1928 இல் இராமன் விளைவுக்கும், 1930 இல் நோபல் பரிசுக்கும் வழிகோலின.

முன்னுரை இயலின் உறுப்புகள்

இனி, முன்னுரை இயலில் அமைய வேண்டியவற்றை என் கிணற்றை வைத்தே விளக்குகிறேன்.

ஆய்வுப் பின்னணி: கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் கரைந்த நீர் கடினநீர். அதில் சோப்பு நுரைக்காது. பருப்பின் செல்களைப் பிணைத்திருக்கும் பெக்டின் என்னும் பொருள் கால்சியத்துடன் சேர்ந்து இறுகுவதால் பருப்பும் எளிதில் வேகாது. படிப்பவர் ஆய்வைப் புரிந்துகொள்ள இவ்வளவு போதும்.

முன்னாய்வுகள்: பிறர் கண்டறிந்ததைக் கூறும் பகுதி இது. இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் 2012 ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரக்குறியீடு, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் வரையறுக்கிறது. என் அளவுகளை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் அளவுகோல் இது. பெயர்களை அடுக்கிக்கொண்டே போவது முன்னாய்வு ஆகாது. ஒவ்வொன்றும் நம் கேள்விக்கு எவ்வளவு விடை தருகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று காட்ட வேண்டும்.

ஆய்வுச் சிக்கல்: இவ்விரு கிணறுகளின் நீர் இதுவரை அளக்கப்படவில்லை என்பதே என் காலிமனை. இதை ஒரே வாக்கியத்தில் எழுத முடியாவிட்டால், சிக்கல் நமக்கே இன்னும் தெளிவாகவில்லை என்று பொருள்.

நோக்கமும் கருதுகோளும்: 'இரு கிணற்று நீரின் கடினத்தன்மையை மழைக்கு முன்னும் பின்னும் அளத்தல்' என்பது நோக்கம். 'மழைக்குப் பின் இரண்டிலும் அது குறையும்' என்பது கருதுகோள். நோக்கம் செய்யப்போவதைக் கூறும். கருதுகோள் எதிர்பார்ப்பதைக் கூறும். இவ்விரண்டையும் மாணவர் பலர் குழப்பிக்கொள்கின்றனர்.

ஆய்வு எல்லை: நான் 'எங்கள் வட்டாரத்து நிலத்தடி நீர்' என்று தலைப்பிட்டிருந்தேன். இரண்டு கிணற்றை அளந்துவிட்டு ஒரு வட்டாரத்தையே அளந்ததாகச் சொல்லலாமா? 'இரு கிணறுகள், ஒரு பருவமழைக்கு முன்னும் பின்னும்' என்று எல்லையைச் சுருக்கினேன். தலைப்பு சிறுத்தது, கட்டுரை உண்மையாயிற்று.

அணுகுமுறை: ஈ.டி.டி.ஏ. கரைசலைக் கொண்டு தரம்பார்க்கும் முறையே நான் கையாண்டது. எரியோகுரோம் பிளாக்-டி என்னும் காட்டியைச் சேர்த்தால் ஒயின் சிவப்பாய் இருக்கும் கரைசல் முடிவுநிலையில் நீலமாக மாறும். முன்னுரையில் இதை ஓரிரு வரிகளில் சுட்டினால் போதும். விரிவு அடுத்த இயலுக்கு உரியது. இறுதியில், எந்த இயலில் என்ன உள்ளது என்னும் இயல் பகுப்பைச் சுருக்கமாகக் கூறி முடிக்க வேண்டும்.

முதலில் நிற்பது முடிவில் எழுதப்படும்

முன்னுரை முதலில் நிற்பதால் முதலில்தான் எழுத வேண்டும் என்பதில்லை. சிக்கல், நோக்கம், கருதுகோள், எல்லை ஆகிய நான்கையும் தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதி, நாளிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பிற இயல்கள் முடிந்தபின் அத்தாளை விரித்து முன்னுரையாக்குவதே எளிது.

நாளிட்டு வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஐப்பசி மழைக்குப் பின் அளந்தபோது ஏரிக்கரைக் கிணற்றில் கடினத்தன்மை குறைந்தது, மேலக்கிணற்றில் குறையவில்லை. மூன்று முறை செய்து பார்த்தும் அவ்வாறே வந்தது. என் கருதுகோள் பாதி பொய்த்துவிட்டது. 'ஏரிக்கரைக் கிணற்றில் மட்டும் குறையும்' என்று முன்னமே எதிர்பார்த்ததைப் போல முன்னுரையை மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று என் மனம் சொல்லியது. வெட்கத்தோடு அதைப் பேராசிரியரிடம் ஒப்புக்கொண்டேன். "கருதுகோள் தவறுவது ஆய்வாளன் குற்றமன்று, தவறிய பின் அதைத் திருத்தி எழுதுவதே குற்றம்" என்றார் அவர். பழைய கருதுகோளை அப்படியே விட்டேன். மேலக்கிணறு ஏன் குறையவில்லை என்பது இப்போது எனக்கு ஒரு புதிய கேள்வியாகக் கிடைத்திருக்கிறது.

மூத்த மாணவர் கட்டுரையிலிருந்து எடுத்த இரு பத்திகளையும் நீக்கிவிட்டேன். பிறர் எழுத்தைத் தம் எழுத்தாகக் காட்டுவதைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018 இல் விதிகளே வகுத்துள்ளது. விதி கிடக்கட்டும், என் தாயார் நீர் சுமந்த கிணற்றைப் பற்றி வேறொருவர் சொல்லை இரவல் வாங்கி எழுதுவது எனக்கே பொறுக்கவில்லை.

தோழர்களே! நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெறப்போகிறவர்கள். ஆய்வு என்றதும் நமக்குப் புரியாத சொற்களை அடுக்கினால்தான் மதிப்பு என்று அஞ்சி, நாம் அறிந்ததை மறைத்து, அறியாததை எழுதுகிறோம். அந்த அச்சம் வேண்டாம். நம் வயலிலும் அடுப்படியிலும் அளக்கப்படாத கேள்விகள் எத்தனையோ காத்திருக்கின்றன.

முன்னுரையை முடித்ததும் அதைத் தாயாருக்குப் படித்துக் காட்டினேன். நான்கு பக்கம் ஒன்றரைப் பக்கமாகி இருந்தது. கேட்டு முடித்து, "இது நம்ம கிணறுதான்" என்றார். நீங்களும் உங்கள் முன்னுரையைப் பேராசிரியரிடம் கொடுப்பதற்கு முன் வீட்டில் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். அவர்களுக்கு விளங்கினால் உங்களுக்கும் விளங்கிவிட்டது என்று பொருள்.